அடைந்த உயிரும் வருகின்ற உயிரும்

உயிர்கள்மாட்டு இரங்குதல் நன்றென்பதில் ஐயுறுவார் சைவ நன்மக்களுள் ஒருவருமிலர். ஆயினும் அவ்விரக்கத்தைச் செயலிற் கொணரப் புகும்பொழுது, இரண்டு உயிர்கள் எதிரெதிர் நிற்பனபோலத் தோன்றுமாயின், யாது செய்வதென்று மயங்குகின்றோம். ஏட்டிற் கற்ற அறம் வீட்டுக் கொல்லைப்புறத்தில் வந்து நின்று விடை வேண்டும்பொழுதே நம் கல்வியின் அளவு நமக்குப் புலனாகின்றது. அத்தகைய வினா ஒன்று சில திங்கட்கு முன் எம்பால் வந்தது. அதனை ஈண்டு ஆராய்வாம்.

மயிலாடுதுறையை அடுத்த ஓரூரில் வாழும் அன்பர் ஒருவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சித்தாந்த நூல்களை முறையாகப் பாடங்கேட்டவர். சென்ற ஐப்பசி அடைமழையில் அவர்தம் மைந்தர், வாய்க்கால் மதகடியில் நனைந்து நடுங்கிக் கிடந்த பூனைக்குட்டி ஒன்றைக் கண்டு, துண்டிற் சுற்றி இல்லத்திற்குக் கொணர்ந்தார். அது பிறந்து ஒரு திங்களே ஆகியிருக்கும். தாய்ப்பூனையை யாண்டும் காணவில்லை. அக்காலத்து மைந்தருடைய மனைவியார் ஐந்து திங்கட் கருவுற்றிருந்தார். முன்னரும் ஒருமுறை கருவுற்று அது நிலையாது கழிந்தமையின், இக்கருவை இல்லத்தார் அனைவரும் அச்சத்தோடு காத்துவந்தனர்.

குட்டி வந்த இரவே இல்லம் இரண்டுபட்டது. ‘விடிந்தவுடன் எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடல் வேண்டும், பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டிற் பூனை ஆகாது’ என்றார் மாமியார். ‘அடைக்கலம் புகுந்த உயிரைப் புறத்தே தள்ளுதல் பெரும்பிழை, நாம் படித்ததெல்லாம் எதற்கு?’ என்றார் அன்பர். மைந்தர் இருவர்க்குமிடையே வாளாவிருந்தார். மூன்று நாள் வழக்கிட்டபின் அன்பர் எமக்குத் திருமுகம் விடுத்து, ‘தாங்கள் நூன்முறையான் முடிபு கூறல் வேண்டும்’ என்று கேட்டிருந்தனர்.

முதற்கண் நூன்முறை யாதெனக் காண்பாம். உயிர்கள் பல, அநாதியாக உள்ளன, ஆணவமலத்தாற் பிணிப்புண்டவை, தத்தம் வினைக்கேற்ப மாயையினின்றும் உடம்பு பெற்று வருகின்றன. இஃது எல்லா உயிர்க்கும் ஒக்கும். ஆகவே பூனையுடம்பில் நின்ற உயிரும், கருப்பையுட் புகுந்த உயிரும், உயிரென்னும் தன்மையில் வேறல்ல. எடுத்த உடம்பினாலேயே வேறாயின. நால்வகைத் தோற்றத்துள்ளும் அவ்விரண்டும் ஒரே வகையைச் சார்ந்தன. முட்டையிற் றோன்றுவன அண்டசம். வித்தினும் வேரினும் தோன்றுவன உற்பிச்சம். வியர்வையிற் றோன்றுவன சுவேதசம். கருப்பையிற் றோன்றுவன சராயுசம் என்ப. மகவும் சராயுசம், பூனைக்குட்டியும் சராயுசம். ஒன்று தாய் வயிற்றினின்றும் வந்து தாயை இழந்தது. மற்றொன்று இன்னும் தாய் வயிற்றில் உள்ளது. ஒரு கூரையின்கீழ் வந்து சேர்ந்த இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு இத்துணையே.

அற்றேல், ‘மக்கட்பிறப்பு அரிது, வீடுபேற்றிற்கு வாயிலாவது அதுவே, ஆகலின் கருவைக் காத்தலே கடன், பூனையைப்பற்றி ஆராய்தல் வேண்டா’ என்பார்க்கு யாது விடையெனின், கூறுதும். மக்கட்பிறப்பு அரிது என்பது உண்மையே. இரண்டனுள் ஒன்றையே காத்தல் கூடும் என்னும் நிலை மெய்யாகவே வருமாயின், பெற்றோர் தம் மகவைக் காத்தலே முறை. இதில் எமக்கும் உடன்பாடே. ஆனால் அந்நிலை ஈண்டு வந்துளதா என்பதே வினா. வாராத முரணை வந்ததாகக் கொண்டு ஓருயிரைத் தள்ளுதல் ஆராய்ச்சியன்று; அச்சமே.

இனி, ‘அக்குட்டி தன் பிராரத்தத்தை நுகர்கின்றது; நாம் இடைபுகுதல் எற்றுக்கு?’ என்பாரும் உளர். அதன் பிராரத்தம் அதனுடையதே. அதனைக் கண்ட கண்ணும் எடுத்த கையும் நம்முடையன. நாம் செய்வதும் செய்யாது விடுவதும் நம் ஆகாமியமாய் விளையும். பிறர் வினையைக் காரணங்காட்டித் தன் கடனை நீக்கிக்கொள்வோன், தன் வினையை எண்ணாது விட்டவனாவன்.

இனி மாமியாரது அச்சத்தை ஆராய்வாம். அதனை மூடநம்பிக்கையென்று நகைத்தல் தகாது. பூனை எதிர்ப்படின் தீநிமித்தம் என்னும் கூற்றினை நாம் தள்ளலாம். வங்கநாட்டில் மகவுகளைக் காக்கும் சஷ்டி தேவிக்குப் பூனையே ஊர்தியென்று போற்றுகின்றனராகலின், நிமித்தம் நாட்டுக்கு நாடு மாறுபடுவதென்பது தெளிவு. ஆயினும் அவர் அச்சத்துள் மெய்யும் ஒன்று உண்டு. டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரை 1908ஆம் ஆண்டு தூனிசு நகரில் நிக்கோல், மான்சோ என்னும் இருவர் ஒருவகைக் கொறிவிலங்கினிடத்துக் கண்டனர். அது தாய்வழியாகக் கருவிற் புகுந்து மகவைத் தாக்கும் என்பதை 1939இல் நியூயார்க்கில் மருத்துவ ஆராய்ச்சியாளர் மூவர் நிறுவினர். கருக்காலத்தில் தாய்க்கு முதன்முறையாக அது தொற்றுமாயின், கரு அழிதலும், மகவின் மூளையும் கண்ணும் பழுதுறுதலும் நேரக்கூடும். அந்நுண்ணுயிர் பூனையின் குடலிற் பெருகி மலத்துடன் வெளிப்படுகின்றது என்பது 1970ஆம் ஆண்டளவில் தெளியப்பட்டது. ஆகவே அவ்வம்மையார் அஞ்சியது இல்பொருளுக்கன்று.

ஆயினும் உள்பொருளுக்கும் அளவு உண்டு. எலியையோ பச்சூனையோ தின்று தொற்றுற்ற பூனை, பெரும்பாலும் தன் வாழ்நாளில் ஒருமுறை, ஒன்று முதல் மூன்று கிழமை அளவே அந்நுண்ணுயிரின் கருக்களை வெளிப்படுத்தும். வெளிப்பட்டவுடன் அவை தொற்றா. தொற்றும் ஆற்றல் பெறுதற்கு ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும். ஆதலின் மலத்தை நாடோறும் நீக்கும் இல்லத்தில் இடர் மிகச் சிறிதாகும். நீக்காது விட்டவிடத்து மண்ணிற் பல திங்கள் தங்கி நிற்கும். ஐரோப்பாவில் ஆறு பெருநகரங்களிற் கருவுற்ற மகளிரிடத்துச் செய்து 2000ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியில், தொற்றுக்களுள் நூற்றுக்கு 30 முதல் 63 வரை நன்கு வேகாத ஊனாலும், 6 முதல் 17 வரை மண்ணைத் தொடுதலாலும் வந்தன எனக் கணித்தனர்; பூனையொடு பழகுதல் தனியே ஒரு காரணமாகக் காணப்படவில்லை. ஊனுண்ணாத நம் இல்லங்களில் முதல்வழி அடைபட்டது. மண்ணும், கழுவாத கீரையும், தூய்மையற்ற நீருமே எஞ்சிய வழிகள். அவை பூனையை வளர்ப்பினும் வளர்க்காவிடினும் உள்ளனவே. கொல்லையில் ஊர்ப்பூனைகள் வந்துபோகாத வீடு எது?

இங்ஙனம் கூறியதனால், அச்சமே வேண்டாவென்று யாம் கூறினோமெனக் கொள்ளற்க. வளர்ந்த வீட்டுப்பூனையினும் தெருவில் எடுத்த குட்டியினிடத்தே இடர் மிகுதி. ஆகலினன்றே அமெரிக்க நாட்டு நோய்த்தடுப்பு மையத்தார், ‘முன்னரே வளர்க்கும் பூனையைக் கருவுற்றார் கைவிட வேண்டுவதில்லை’ என்று கூறும்பொழுதே, ‘புதிதாகப் பூனை கொள்ளற்க, தெருப்பூனைகளை, சிறப்பாகக் குட்டிகளைத் தீண்டற்க’ என்றும் அறிவுறுத்துகின்றனர். வெறிநோய் அச்சமும் உண்டு. கடியோ நகக்கீறலோ பட்டவிடத்தைச் சவர்க்காரமும் நீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, உடனே தடுப்பூசி இட்டுக்கொள்ளல் வேண்டும். கருவுற்றிருத்தல் அவ்வூசிக்குத் தடையன்று. இவற்றால் பெறப்படுவது யாதெனின், அக்குட்டியைத் தாய்மையுற்றார் தீண்டலாகாது என்பதும், அதன் மலத்தை அவர் நீக்கலாகாது என்பதுமே. அது வாழலாகாது என்பதன்று. ‘தீண்டற்க’ என்னும் விதியை ‘தெருவில் எறிக’ என்று பொருள்செய்தல் உரையன்று.

இனி அன்பரது கட்சியை ஆராய்வாம். அவர் அடைக்கலத்தின் சிறப்பை விரித்துப் பல பக்கம் எழுதியிருந்தனர். புறாவின்பொருட்டுத் துலையேறிய சிபியையும் எடுத்துக்காட்டியிருந்தனர். படித்து மகிழ்ந்தோம். ஆனால் அத்துணைப் பக்கங்களிலும் ஒரு செய்தி காணப்படவில்லை. அவர் வீட்டில் நாடோறும் கூட்டுவதும், மெழுகுவதும், பாத்திரம் துலக்குவதும், கொல்லையைத் துப்புரவு செய்வதும் யாவர் என்பதே அது. ஆகலின் யாம் விடை எழுதுமுன் அவருக்கு இரண்டு வினாக்களை விடுத்தோம். ‘அக்குட்டி வந்த நாள்முதல் அதன் அழுக்கை நீக்கியவர் யார்? தங்கள் மருமகளாரை இதுபற்றி யாரேனும் வினவியதுண்டா?’

பத்து நாள் கழித்து விடை வந்தது. முன்னைய திருமுகம் பல பக்கம். இது ஒரு பக்கமே. முதல் இரண்டு நாளும் அழுக்கை நீக்கியவர் மருமகளாரே என்றும், பின்னர் மாமியார் தடுத்துத் தாமே முணுமுணுத்துக்கொண்டு செய்து வந்தனர் என்றும் எழுதியிருந்தனர். மருமகளாரை அதுகாறும் ஒருவரும் வினவவில்லையாம். எம் வினாவைக் கண்டபின் அன்பர் அவரை அழைத்துக் கேட்டனர். அவர் கூறிய மொழிகளை அன்பர் அவ்வண்ணமே எழுதியிருந்தனர்: ‘மாமா, அதை மழையில் விட்டுவிட்டு, நாளைக்கு என் பிள்ளையை நான் தூங்கவைக்க முடியாது. ஆனால் அதன் அழுக்கைத் துடைக்கவும் என்னால் முடியாது. போன தடவை நினைவு வருகிறது, பயமாக இருக்கிறது.’

எம் கருத்தில், மூன்று நாள் வழக்கிலும் பல பக்கத் திருமுகத்திலும் இல்லாத அறம் இம்மூன்று தொடரில் உள்ளது. இரக்கத்தையும் அவர் மறைத்திலர், அச்சத்தையும் மறைத்திலர். இரண்டும் மெய். இரண்டனையும் ஒருங்கே ஏற்கும் முடிபே முடிபாகும்.

சிபியின் வரலாற்றை மீண்டும் நோக்குவாம். புறா அடைக்கலம் புகுந்தது. பருந்து தன் உணவைக் கேட்டது. மன்னன் தசையை அரிந்து துலையில் இட்டான். யாருடைய தசையை? தன்னுடையதை. அரசியின் தசையையோ ஏவலாளர் தசையையோ அரிந்திட்டிருப்பானாயின், அவ்வரலாற்றை இன்று யாரேனும் போற்றுவரோ? அடைக்கலங் காத்த புண்ணியம் மன்னனுக்கும், புண் பிறர்க்கும் ஆகியிருக்கும். நம் இல்லங்களிற் பலபோது நிகழ்வது இதுவே. அருள் என்னும் பெயர் ஒருவருக்கு, உழைப்பு மற்றொருவருக்கு. விருந்தோம்பலிற் புகழ் கணவனுக்கு. அடுப்படி வெம்மை மனைவிக்கு. பிறர் தோளிற் சுமத்திச் செய்யும் இரக்கம் இரக்கமாகாது. அது பிறர் பொருளை எடுத்துத் தானஞ் செய்வதனோடு ஒக்கும். ஆகலின், குட்டியைக் காத்தல் வேண்டும் என்று கூறும் உரிமை, அதன் அழுக்கை எடுக்க ஒருப்பட்ட கைக்கே உண்டு.

இதனை அன்பர்க்கு எழுதியபொழுது, அவர் ஒரு தடை எழுப்பினர். ‘நான் நாடோறும் அனுட்டானமும் பூசையும் உடையேன், பூனைமலத்தைத் தீண்டுதல் தகுமோ?’ என்றனர். யாம் எழுதிய விடை சிறிதே. தீண்டியபின் நீராடுக, நீராடியபின் பூசை செய்க. தங்கட்குத் தகாத அழுக்கு, சூலுற்ற மருமகளார்க்கும் முதிர்ந்த மனைவியார்க்கும் மட்டும் தகுமென்று கூறும் விதி யாண்டும் இல்லை. திருநாவுக்கரசர் கையில் விளங்கியது உழவாரம்; புல்லும் அழுக்கும் நீக்கும் கருவி அது. இழிந்த பணியென்று ஒதுக்குவது நம் மனமேயன்றி நம் நெறியன்று.

இனி ஒரு தடை எஞ்சி நின்றது. பூனை இயல்பில் ஊனுண்ணும் விலங்கு. பாலும் சோறும் அதன் உடம்பிற்குப் போதா. பசுவின் பால் குட்டிக்குப் பேதியையும் உண்டாக்கும் எனக் கால்நடை மருத்துவர் கூறுகின்றனர். சைவ இல்லத்தில் அதனை என்றும் வைத்து வளர்த்தல் யாங்ஙனம்? நம் நோன்பினை அதன்மேல் ஏற்றுதல், அதன் உடம்பை நலியச் செய்வதாகும். அதன் உணவை நம் இல்லத்தில் நிலையாகக் கொணர்தல் நம் ஒழுக்கத்திற்கு இடர். இத்தடை மெய்யானதே. இங்கேதான் ‘காத்தல்’ என்னும் சொல்லின் பொருளை நாம் குறுக்கிக்கொண்டோம் என்பது தெரிகின்றது. காத்தல் என்பது நம் வீட்டிலேயே என்றும் வைத்திருத்தல் மட்டுமன்று. அவ்வுயிர்க்கு ஏற்ற இடம் தேடித் தருதலும் காத்தலே. கைவிடுதல் வேறு, கையளித்தல் வேறு. இரண்டிலும் குட்டி நம் வீட்டை நீங்குகின்றது. ஆனால் ஒன்றில் நாம் அதன் பின்னிலையை அறியாதிருக்க விரும்புகின்றோம். மற்றொன்றில் அறிந்து அமைகின்றோம்.

இவ்வேறுபாட்டை யாம் நூலிற் கற்றிலேம். நாற்பது ஆண்டுகட்கு முன் எம் மனையாள் தலைப்பிள்ளையைக் கருவுற்றிருந்த காலத்து, எம் வீட்டு விறகறையில் ஒரு குட்டி வந்து புகுந்தது. வீட்டார் அஞ்சினர். யாம் அதனைச் சாக்குப் பையிலிட்டு, ஆற்றுக்கு அக்கரையிலுள்ள கோயில் மடைப்பள்ளியின் பின்புறத்தே கொண்டுபோய் விட்டோம். ‘கோயிற் சோறு உண்டு, பிழைத்துக்கொள்ளும்’ என்று மனத்திற்குக் கூறிக்கொண்டோம். அங்கே நாய்கள் பல திரியும் என்பதை யாம் அறியாதவரல்லேம். அது கத்திக்கொண்டு எம் பின்னே சிறிது தொலைவு வந்தது. யாம் திரும்பிப் பார்த்திலேம். அன்று மாலை அதே கோயிலில் வழிபடச் சென்று, வலம்வருங்கால் மடைப்பள்ளிப் பக்கம் நோக்காது நடந்தோம். மகவு நலமாகப் பிறந்தது. இன்று அவனும் மக்களைப் பெற்றுவிட்டான். ஆயினும் அக்கோயிலின் அம்மூலையை நேர்நின்று நோக்க எமக்கு இன்றும் துணிவு வரவில்லை. அன்று பிழை யாது? குட்டியை வீட்டில் வையாமையன்று. அதற்கு ஓரிடம் தேடாமையே. ஒருநாள் நான்கு வீடு ஏறி இறங்கி வினவியிருப்பின், ஒரு வீடு கிடைத்திருக்கும். அவ்வொரு நாளை யாம் கொடுத்திலேம். இதுபற்றியே அன்பர்க்கு விரித்து எழுத நேர்ந்தது.

அன்பர் செய்ததைக் கூறி முடிப்பாம். கொல்லைக்கோடியில் மாட்டுக்கொட்டிலாக இருந்த இடத்தைத் தடுத்துக் குட்டிக்கு ஒதுக்கினர். மணல் நிரப்பிய தட்டினை விடியலில் அன்பரே எடுத்துப் புதைத்து, கை கழுவி நீராடிய பின்னரே அகம் புகுந்தனர். மருத்துவர் கூறிய உணவை மைந்தர் அக்கொட்டிலிலேயே ஊட்டினர். முதல்நாள் நகம் பட்ட கீறலுக்கு அவர் அரசு மருத்துவமனையில் ஊசியும் இட்டுக்கொண்டனர். மருமகளார் மருத்துவரிடம் கூறிக் குருதி ஆய்வு செய்துகொண்டனர். கீரையும் காயும் பன்முறை கழுவிய பின்னரே சமைக்கப்பட்டன. குட்டி மூன்று திங்களைக் கடந்தபின் அதற்கும் தடுப்பூசி இடப்பட்டது. தை மாதத்தில், அத்தெருக் கோடியில் மீன் வாணிகஞ் செய்யும் குடும்பத்தார் விரும்பி அதனை ஏற்றுக்கொண்டனர். அதற்குமுன் அன்பர் ஐந்து வீடுகளில் வினவி, மூன்றில் மறுப்பும், ஒன்றில் நகைப்பும் பெற்றனராம். பங்குனித் தொடக்கத்தில் மருமகளார் ஒரு பெண்மகவைப் பெற்றனர். தாயும் சேயும் நலம்.

கடைசித் திருமுகத்தில் அன்பர் எழுதியது இது: ‘இல்லத்தரசி இப்பொழுது பூனையை ஏசுவதில்லை. நான் தட்டினை எடுத்த முதல்நாள் அவள் வாயிற்படியில் நின்று பார்த்தாள், ஒன்றும் கூறவில்லை. மறுநாள் நான் நீராட வெந்நீர் வைத்திருந்தாள்.’

இதனால் துணியப்படுவன யாவையெனின்: இரண்டு உயிரும் மெய்யாகவே முரணுமாயின் மகவைக் காத்தல் பெற்றோர் கடன், முரணுகின்றனவா என்பதை அச்சத்தாலன்றி அறிவால் ஆராய்தல் வேண்டும், சூலுற்றாளைக் கேளாது எம்முடிபும் கொள்ளலாகாது, இரங்குவோனே உழைத்தல் வேண்டும், வைத்துக் காக்க இயலாதவிடத்துக் கையளிக்கலாம், கைவிடலாகாது. வருகின்ற உயிர்க்குத் தொட்டிலும் ஆடையும் தேடுகின்றோம். அடைந்த உயிர்க்கு ஓரிடம் தேடிய வீட்டில் அம்மகவு வந்து பிறக்குமாயின், அதுவும் நாம் அதற்குத் தேடிவைத்த பொருள்களுள் ஒன்றாகும். அறிஞர்கள் ஆராய்ந்து கொள்வாராக.